இன்ஜினைத் தாங்காத தண்டவாளம்: ரயில் கேள்வி–பதில்

ரயிலின் ஆரம்பக் காலம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

ரயிலைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்று பள்ளியில் படித்தோம். ட்ரெவிதிக் என்று இன்னொருவர் பெயரும் அடிபடுகிறதே. எது சரி?
– வாசகர், திண்டிவனம்

தண்டவாளத்தின் மீது நீராவி இன்ஜினை முதலில் ஓட்டிக் காட்டியவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக். அதை நம்பி முதல் போட்டுத் தொழில் நடத்தலாம் என்று நிரூபித்தவர்களில் முதன்மையானவர் ஸ்டீபன்சன். இரண்டுக்கும் நடுவே இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஏன் அத்தனை தாமதம் என்று கேட்டால்தான் கதை பிடிபடும்.

1804 பிப்ரவரி 21 அன்று, தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்வில் ஊரை ஒட்டிய பெனிடாரன் இரும்பாலையிலிருந்து ட்ரெவிதிக்கின் இன்ஜின் புறப்பட்டது. ஐந்து வண்டிகள், அவற்றில் 10 டன் இரும்பு, தொற்றிக்கொண்ட ஆட்கள் சுமார் 70 பேர். ஒன்பதே முக்கால் மைல் தூரத்தைக் கடக்க 4 மணி 5 நிமிடம் ஆயிற்று. நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் வழியில் மரங்களை வெட்டவும் பாறைகளை அகற்றவும் நின்று நின்று போனதற்கும் சேர்த்துத்தான் அந்த நேரம். இன்ஜினைப் பொறுத்தவரை அது முழு வெற்றி.

தோற்றது பாதை. அங்கே கிடந்தது இன்று நாம் காணும் தண்டவாளம் அல்ல. குதிரை வண்டிகளுக்காகப் போட்ட வார்ப்பிரும்புத் தகடுகள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ‘ட’ எழுத்தைப் போல ஓரம் நிமிர்ந்திருக்கும். வண்டிச் சக்கரம் உருண்டு விலகாமல் அந்த ஓரம் தடுக்கும். ஒவ்வொரு தகடும் மூன்று நான்கு அடி நீளம்தான். வார்ப்பிரும்பில் கரி மூன்று, நான்கு சதவீதம் இருப்பதால் அமுக்கினால் தாங்கும், வளைத்தால் பட்டென்று முறியும். இரு முனையில் தாங்கிய தகட்டின் நடுவில் ஐந்து டன் இன்ஜின் ஏறும்போது தகட்டின் அடிப்புறம் இழுபடுகிறது. வார்ப்பிரும்பு சகிக்காத ஒன்று உண்டென்றால் அந்த இழுவைதான். தகடுகள் நொறுங்கின. சில ஓட்டங்களோடு இன்ஜினைக் கழற்றி ஆலைக்குள்ளேயே வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். 1808-இல் லண்டனில் வட்டப் பாதை போட்டு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கி ட்ரெவிதிக் காட்டிய வேடிக்கையும் தண்டவாளம் முறிந்துதான் முடிந்தது.

அடுத்து வந்தவர்களுக்கும் இதே தலைவலி. நார்தம்பர்லாந்தின் வைலம் சுரங்கத்தில் வில்லியம் ஹெட்லி உருவாக்கிய ‘பஃபிங் பில்லி’ நான்கு சக்கரத்தில் நின்றபோது தகடுகளை உடைத்தது. எடையைப் பரப்புவதற்காக அதை எட்டுச் சக்கர இன்ஜினாக மாற்றிக் கட்டினார்கள். பாதை பலப்பட்ட பிறகு மறுபடி நான்கு சக்கரத்துக்கே கொண்டுவந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது 1820-இல் ஜான் பிர்கின்ஷா பெற்ற காப்புரிமை. பெட்லிங்டன் இரும்பாலையில் தேனிரும்பைப் பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே செலுத்தி, 15 அடி நீளத் தண்டவாளமாக இழுத்தெடுத்தார். தேனிரும்பு வளையும், சட்டென்று முறியாது. 15 அடி நீளம் என்றால் இணைப்புகளும் நான்கில் ஒன்றாகக் குறையும். ஸ்டீபன்சனின் பெருமையை இங்கேதான் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்புத் தண்டவாளக் காப்புரிமை ஒன்றில் அவருக்கே பங்கு இருந்தது. இருந்தும், ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்குத் தேனிரும்பே வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1825 செப்டம்பர் 27 அன்று அந்தப் பாதை திறந்தது.

1829 ரெயின்ஹில் போட்டியில் ‘ராக்கெட்’ ஜெயித்ததற்கு வேகம்தான் காரணமா?
– பொறியியல் மாணவி, கோவில்பட்டி

வேகத்தில் ‘நாவல்டி’ என்ற இன்ஜினும் ஏறக்குறைய சமமாகத்தான் பறந்தது. கூட்டமும் அதன் பக்கம்தான் இருந்தது. ஆனால் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் கம்பெனி தன் பாதைக்கு இன்ஜின் தேர்ந்தெடுக்க நடத்திய இந்தப் போட்டி ஒரு பாய்ச்சலுக்கானதல்ல, தாக்குப்பிடிப்பதற்கானது. நிபந்தனைகளைப் பார்த்தால் புரியும்: ஆறு டன்னுக்கு மேல் எடை கூடாது, நான்கே சக்கரம் என்றால் நாலரை டன்தான். தன் எடையைப் போல மூன்று மடங்கு சுமையை மணிக்கு 10 மைல் வேகத்தில் இழுக்க வேண்டும். கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டைத் தாண்டக் கூடாது. விலை 550 பவுண்டுக்குள். ஒன்றரை மைல் தூரத்தை முன்னும் பின்னுமாக ஓடி ஓடி, லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் வரையிலான 35 மைலுக்குச் சமமான தூரத்தைக் கடக்க வேண்டும். பிறகு மீண்டும் அதே அளவு. பரிசு 500 பவுண்டு.

ராக்கெட்டின் பலம் கொதிகலனில் இருந்தது. அதற்கு முன் கொதிகலன் என்றால் தண்ணீர் நிறைந்த பீப்பாய். அதன் நடுவே நெருப்பும் புகையும் போக ஒரு பெரிய குழாய், அல்லது போய்த் திரும்பி வரும் குழாய். ராக்கெட்டில் அந்த ஒன்றுக்குப் பதிலாக 3 அங்குல விட்டமுள்ள 25 செப்புக் குழாய்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 அடி நீளத்தில் 25 குழாய்களின் மொத்தப் பரப்பு சுமார் 118 சதுர அடி. அதே அளவு புகை போகும்படி ஒரே குழாய் வைத்தால் விட்டம் 15 அங்குலம், பரப்பு வெறும் 23½ சதுர அடி. வெப்பம் தண்ணீருக்குள் இறங்கும் பரப்பு ஐந்து மடங்காகிவிட்டது. யோசனையைச் சொன்னவர் ரயில் கம்பெனியின் செயலர் ஹென்றி பூத். செய்து முடித்தவர் ஜார்ஜின் மகன் ராபர்ட் ஸ்டீபன்சன். பிரான்சில் மார்க் செகான் இதே யோசனைக்குத் தனியாக வந்து சேர்ந்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யோசனை எளிது, செய்வது கடினம். ஐம்பது குழாய் முனைகளும் ஒழுகாமல் நிற்க வேண்டும். திருகி மாட்டியபோது ஒழுகியது. துளைக்குள் இறுக்கமாக அடித்து ஏற்றி, முனையை விரித்த பிறகே நின்றது. நீரழுத்தச் சோதனையில் கொதிகலனின் முகப்புத் தகடு வெளியே பிதுங்கியது. உள்ளே இழுவைக் கம்பிகள் கொடுத்துப் பிடித்துக் கட்டினார்கள்.

இரண்டாவது, மெல்லிய குழாய்களில் காற்று தானாகப் போகாது, இழுக்க வேண்டும். சிலிண்டரில் வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கிக்குள் மேல்நோக்கி ஊதவிட்டார்கள். அது மேலே பாயும்போது பின்னாலேயே புகையையும் இழுக்கும், நெருப்புக்குள் காற்று பாயும். இன்ஜின் எவ்வளவு கடினமாக உழைக்கிறதோ அவ்வளவு நீராவி ஊதும், அவ்வளவு நெருப்பும் எரியும். தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு. கடைசி நீராவி இன்ஜின் வரை இது மாறவில்லை.

மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று? நாவல்டியில் நெருப்புக்குக் காற்றைத் துருத்தியால் அடித்தார்கள்; குழாய் வெடித்தது, இணைப்பு விட்டது, இரண்டாம் முறையும் நின்றது. டிமதி ஹாக்வொர்த்தின் ‘சான்ஸ் பரேல்’ நாலரை டன்னைத் தாண்டியது. நீராவியை மிகக் கடுமையாக ஊதியதால் எரியாத கரியையும் புகைபோக்கி வழியே வாரி இறைத்தது. கடைசியில் சிலிண்டரில் விரிசல். ‘பெர்சிவரன்ஸ்’ மணிக்கு 6 மைலைத் தாண்டவில்லை. ‘சைக்ளோபெட்’ என்பது ஓடும் பட்டையின் மேல் குதிரையை நடக்கவிட்டு இழுத்த வண்டி. அது போட்டிக்கு வந்ததே ஒரு கூத்து.

ராக்கெட் கேட்டதற்கும் அதிகமாக, சராசரி 12 மைலுக்கு மேல் ஓடியது. உச்சம் சுமார் 29 மைல். எல்லா ஓட்டங்களையும் முடித்த ஒரே இன்ஜின் அதுதான்.

தண்டவாள அகலம் ரோமானியத் தேர்க் குதிரைகளின் பின்புற அளவிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
– வாசகர், ஈரோடு

இல்லை. நான்கடி எட்டரை அங்குலம், அதாவது 1,435 மில்லிமீட்டர் என்பது வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரி வண்டிகளிலிருந்து வந்தது. கில்லிங்வொர்த் சுரங்கப் பாதை 4 அடி 8 அங்குலம். ஸ்டீபன்சன் அங்கே வேலை பார்த்தவர். கைவந்த அளவையே கொண்டுபோனார். சக்கர விளிம்பு வளைவில் இறுகாமல் இருக்கப் பின்னர் அரை அங்குலம் இளக்கம் கொடுத்தார்கள். ஒரு குதிரை இழுக்கும் வண்டிக்கு அந்த வாக்கில்தான் அகலம் அமையும் என்ற மட்டில் குதிரைக்குச் சம்பந்தம் உண்டு. ரோமாபுரி வரை போக வேண்டியதில்லை. அந்தக் காலத்திலேயே பக்கத்துச் சுரங்கங்களில் வேறு வேறு அகலங்கள் இருந்தன. ரோமானியர் வழிவந்த அளவென்றால் எல்லாரும் ஒன்றாகத்தானே வைத்திருப்பார்கள்?

இதில் தோற்றது நல்ல பொறியியல். பொறியாளர் புருனல் தன் கிரேட் வெஸ்டர்ன் பாதைக்கு 7 அடி கால் அங்குலம் வைத்தார். 1845-இல் நடந்த ஓட்டச் சோதனைகளில் அகலப் பாதை இன்ஜின்களே வென்றன. ஆனால் நாட்டில் சுமார் 1,900 மைல் குறுகிய அகலத்திலும் 274 மைல் மட்டுமே புருனல் அகலத்திலும் கிடந்தன. க்ளாஸ்டர் நிலையத்தில் இரண்டும் சந்தித்தன. ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. தேங்குவது, உடைவது, திருடு போவது எல்லாம் அங்கே நடந்தன. 1846-இல் சட்டம் குறுகியதற்குச் சாதகமாக வந்தது. 1892 மே மாதத்தில் ஒரு வார இறுதியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் இறங்கி மீதிப் பாதையையும் குறுக்கி முடித்தார்கள்.

இந்தியாவில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஆறடி கேட்டார். முடிவானது ஐந்தரை அடி, 1,676 மில்லிமீட்டர். இங்கிலாந்தின் தலைவலியைப் பார்த்த பிறகு ஒரே அகலம் என்று உறுதியாக நின்றவர்கள், 1870-இல் செலவைக் குறைக்க மேயோ பிரபு காலத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜைக் கொண்டுவந்து அதே வம்பை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நாகப்பட்டினம்–திருச்சி பாதை முதலில் அகலமாகப் போடப்பட்டு, 1870களின் பிற்பாதியில் மீட்டராகக் குறுக்கப்பட்டு, நம் காலத்தில் மறுபடி அகலமாக்கப்பட்டது. ஒரே பாதைக்கு மூன்று முறை செலவு.

காரில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ரயில் சக்கரங்கள் ஒரே அச்சில் இறுகியிருக்கின்றன. வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டுமே, எப்படிச் சமாளிக்கிறது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், தென்காசி

நல்ல கேள்வி தம்பி. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். காகிதக் குவளைகள் நான்கு எடுத்துக்கொள். இரண்டை வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டு. மற்ற இரண்டை அடியோடு அடி சேர்த்து ஒட்டு. இரண்டு நீளக் குச்சிகளைக் குவளை ஜோடியைவிடச் சற்றுக் குறைந்த இடைவெளியில் இணையாக வைத்து, ஒரு முனையை இரண்டு அங்குலம் உயர்த்து. முதல் ஜோடியைக் கொஞ்சம் கோணலாக வைத்து உருட்டினாலும் அது தானே நடுவுக்கு வந்து கீழே போய்ச் சேரும். இரண்டாவது ஜோடி பாதி வழியில் விழும்.

ரயில் சக்கரம் முதல் ஜோடியைப் போன்றது. உட்புறம் விட்டம் அதிகம், வெளிப்புறம் குறைவு. பழைய வழக்கில் 20-க்கு 1 சரிவு. வளைவில் அச்சு வெளிப்பக்கம் சற்று நகரும். உடனே வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். ஒரே சுற்றில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போய்விடும். சக்கர விளிம்பு கடைசிக் காவல் மட்டுமே. வளைவில் ‘கிரீச்’ என்று கேட்டால், சரிவு போதாமல் விளிம்பு தண்டவாளத்தை உரசுகிறது அல்லது சக்கரம் வழுக்குகிறது என்று அர்த்தம். நேர்பாதையில் சரிவு அதிகமானாலும் ஆபத்து. வேகத்தில் அச்சு இடமும் வலமும் பாம்பு போல நெளியத் தொடங்கும்.

ரயிலில் அடிபட்டு இறந்த முதல் மனிதர் யார்?
– வாசகி, சேலம்

வில்லியம் ஹஸ்கிசன் என்று எல்லாரும் சொல்வார்கள். அவருக்கு முன்பே சுரங்கப் பாதைகளில் இறந்தவர்கள் உண்டு; இவர் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் பெயர் நின்றது. 1830 செப்டம்பர் 15, லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைத் திறப்பு நாள். பார்க்சைடில் இன்ஜின்கள் தண்ணீர் பிடிக்க நின்றபோது இறங்கி, பிரதமர் வெலிங்டனிடம் பேசப் போனார். பக்கத்துப் பாதையில் ராக்கெட் வந்தது. அதில் பிரேக்கே கிடையாது. நீராவியைத் திருப்பிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அன்று இரவே இறந்தார்.

அப்படியானால் அந்தக் கால ரயில்களை எப்படி நிறுத்தினார்கள்? இப்போது அபாயச் சங்கிலி எப்படி வேலை செய்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அரக்கோணம்

இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரிலும் கார்டு வேனிலும் கையால் சுற்றும் பிரேக். மரக்கட்டை சக்கரத்தை அழுத்தும். டிரைவர் விசில் ஊத, கார்டு சுற்றுவார். நடுவிலுள்ள பெட்டிகளுக்கு ஒன்றுமில்லை. இதனால் இரண்டு ஆபத்துகள். முன்னால் நிறுத்தினால் பின்பெட்டிகள் வந்து இடிக்கும். ஏற்றத்தில் இணைப்பு அறுந்தால் பின்பாதி உருண்டு ஓடிவிடும்.

1869-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் கம்பெனிகள் பலவும் செலவைப் பார்த்து, தானே பிடிக்காத சாதாரண வேக்குவம் (வெற்றிட) பிரேக்கோடு நின்றுகொண்டன. அந்த வகையில் இன்ஜின் காற்றை உறிஞ்சினால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் கழன்றால் பிரேக்கும் போச்சு.

1889 ஜூன் 12, அயர்லாந்தின் ஆர்மா. ஞாயிற்றுப் பள்ளிச் சிறுவர்களும் பெரியவர்களுமாக ஏறத்தாழ 940 பேர் கடற்கரைக்குச் சுற்றுலா போனார்கள். 75-க்கு 1 ஏற்றத்தில், அதாவது 75 அடிக்கு ஓரடி உயரும் பாதையில், இன்ஜின் திணறி நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை மட்டும் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தார்கள். பிரித்த கணத்தில் பின்பாதிக்கு வேக்குவம் போயிற்று. மிஞ்சியது கார்டு வேனின் ஒற்றைக் கைப் பிரேக்கும், சக்கரத்தடியில் வைத்த சில கற்களும்தான். முன்பாதி புறப்படும்போது லேசாகப் பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. பின்பாதி சரிவில் வேகமெடுத்து ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதியது. சுமார் 80 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில், பயணிகள் ரயில் அனைத்திலும் தானியங்கித் தொடர் பிரேக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதற்கு வேண்டிய கருவி பல ஆண்டுகளாகக் கடையில் கிடந்தது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

தானியங்கி என்றால் தலைகீழ் ஏற்பாடு. நம் ஊர் வேக்குவம் ரயில்களில் ஓடும்போது குழாயில் 53 சென்டிமீட்டர் பாதரச அளவுக்கு வெற்றிடம் இருக்கும். அதுதான் பிரேக்கை விடுவித்து வைத்திருக்கும். எங்கே காற்று புகுந்தாலும் – டிரைவர் திறந்தாலும், குழாய் அறுந்தாலும், நீங்கள் சங்கிலி இழுத்தாலும் – பிரேக் பிடிக்கும். குறை என்னவென்றால் வெற்றிடம் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோவைத் தாண்டாது. அதனால் சிலிண்டர் பெரிதாக வேண்டும், நீண்ட ரயிலில் கடைசிப் பெட்டிக்குச் சேதி போகத் தாமதமாகும். இன்றைய காற்று பிரேக்கில் குழாயில் 5 கிலோ அழுத்தம் நிற்கும், குறைந்தால் பிடிக்கும். சங்கிலி இழுத்தால் காற்று வெளியேறும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டேஷனில் ஒருவர் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவாரே, எதற்கு?
– வாசகி, விழுப்புரம்

நல்ல சக்கரம் மணிபோல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தாலோ, சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்ந்திருந்தாலோ ஒலி மந்தமாகும்.

இதன் பின்னணியில் ஒரு பெரிய விபத்து இருக்கிறது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் முன் இன்ஜின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஏறி விழுந்து தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகளை வெளியே பூட்டி வைத்திருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடி ஓடி இரும்பின் தன்மையே மாறிவிடுகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். ராங்கின் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் முறிந்த அச்சுகளைப் பரிசோதித்து, அச்சின் விட்டம் சட்டென்று குறையும் மூலையில் விரிசல் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாக உள்ளே போகிறது என்று காட்டினார். பரிகாரமும் சொன்னார்: மூலையைக் கூர்மையாக விடாமல் வளைத்துச் சீவ வேண்டும். பிறகு பிரஷ்யாவில் அவுகுஸ்ட் வோலர் அச்சுகளை லட்சக்கணக்கான முறை சுழற்றி, எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்று தாங்கும் என்று அளந்தார். இன்றைய விமான இறக்கைக் கணக்கு வரை அங்கிருந்துதான் வருகிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: சக்கரத்துக்குள் மறைந்திருக்கும் அச்சு விரிசலைச் சுத்தியல் காட்டிக்கொடுக்காது. அதற்கு அல்ட்ராசானிக் சோதனை வேண்டும்.

தண்டவாளத்துக்கு அடியில் முதலிலிருந்தே மரக்கட்டைதானா?
– வாசகர், நாகர்கோவில்

ஆரம்பத்தில் கல். சுமார் இரண்டடிச் சதுரக் கல்லில் துளை போட்டு, மர ஆப்பு அடித்து, அதில் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு இருக்கையை ஆணியால் பொருத்துவார்கள். நடுவில் குதிரை தடுக்காமல் நடக்க அது வசதி. ஆனால் மண் மேட்டில் இடப்பக்கக் கல்லும் வலப்பக்கக் கல்லும் தனித்தனியாக அமிழும், பாதை விரியும். அதனால் மண் மேடு அமரும் வரைக்கும் என்று தற்காலிகமாகக் குறுக்கு மரம் போட்டார்கள். மரம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்ததால் பாதையும் வண்டியும் தேய்வது குறைந்தது. தற்காலிகம் நிரந்தரமாயிற்று. நம் நாட்டில் கரையான் பிரச்சினை. கவிழ்த்த சட்டி வடிவ வார்ப்பிரும்புத் தாங்கிகள் இரண்டை இரும்புப் பட்டையால் இணைத்து, சிலீப்பர் கட்டைக்குப் பதிலாக மிகப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். பழைய கிளைப் பாதைகளில் அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள்.

‘மெட்ராஸ் டைம்’ என்று ஒன்று இருந்ததாமே?
– வாசகர், சென்னை–81

இருந்தது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால். 1792-இல் அமைந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் கணக்கு அது. ரயில் வரும்வரை ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து நேரம் வைத்தால் போதும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே ரயில் விடும்போது இரண்டு ஸ்டேஷன் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் மோதல்தான். இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் 1840-லேயே லண்டன் நேரத்துக்கு மாறியது. பிரிஸ்டல் பத்து நிமிடம் பின்தங்கியது. அமெரிக்காவில் 1883 நவம்பர் 18 அன்று ரயில் கம்பெனிகளே மண்டல நேரத்தைக் கொண்டுவந்தன.

இந்தியாவில் பம்பாய் 4 மணி 51 நிமிடம், கல்கத்தா 5 மணி 53 நிமிடம். மெட்ராஸ் கிட்டத்தட்ட சரிபாதியில் நின்றது. தந்தி மூலம் நேரம் அனுப்ப வானாய்வகமும் இருந்தது. எனவே 1870 வாக்கிலிருந்து 1905 வரை நாடெங்கும் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. 1906-இல் இந்திய நேரம் வந்தபோது நம் கடிகாரம் 8 நிமிடம் 46 வினாடி முன்னே தள்ளப்பட்டது.

இந்தியாவின் முதல் ரயில் பம்பாயா, சென்னையா?
– பலர்

பயணிகள் ரயில் என்றால் 1853 ஏப்ரல் 16, போரிபந்தர்–தாணே, 21 மைல், 14 பெட்டிகள், மூன்று இன்ஜின்கள். ஆனால் சாலைக்குக் கல் கொண்டுவர 1830களிலேயே செங்குன்றம் பகுதியில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். பொறியாளர் ஆர்தர் காட்டனின் பெயர் அதோடு சேர்ந்தது. ரூர்க்கியில் கால்வாய் வேலைக்கு 1851-இல் நீராவி இன்ஜினே ஓடியது. தெற்கில் முதல் பயணிகள் பாதை 1856, ராயபுரம்–வாலாஜா ரோடு. ராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

மலை ரயில்கள் ஏன் இவ்வளவு சிரமம்? சின்ன ஏற்றம்தானே?
– வாசகர், போடிநாயக்கனூர்

கண்ணுக்குச் சின்னது, இன்ஜினுக்குப் பெரிது. ஒரு டன்னைச் சமதளத் தண்டவாளத்தில் மெதுவாக இழுக்க 8 முதல் 10 பவுண்டு விசை போதும். 100-க்கு 1 ஏற்றத்தில் அதோடு 22 பவுண்டு கூடுகிறது. பம்பாய்க்குத் தென்கிழக்கே போர் காட் மலைப் பாதையில் ஏற்றம் 37-க்கு 1. கூடுவது 60 பவுண்டு. சமதளத்தில் இழுத்த சுமையில் ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்குதான் மேலே போகும். இறங்கும்போது பிரேக் நிற்குமா என்ற பயம் வேறு. அதனால் நடுவில் ரயில் திசை திரும்பும் நிலையம் ஒன்று வைத்தார்கள்.

1856-இல் தொடங்கி 1863-இல் முடிந்த அந்தப் பாதையில் 25 குகைகள். ஒரு கட்டத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். காலராவில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் 1859-இல் இறந்ததும் அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று, பொறியாளர்களை வைத்து முடித்தார். அவர் பெயர் தெரிகிறது. கூலிகளின் பெயர் எங்கும் இல்லை. கம்பெனிக்கு நஷ்டம் வந்தாலும் போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டி நிச்சயம் என்று அரசு உறுதி கொடுத்திருந்தது. கொடுத்தது இந்தியர்களின் வரிப்பணம். செலவைக் குறைக்க யாருக்குத்தான் அவசரம் இருக்கும்?

இலங்கையில் ரயில் யாருக்காக வந்தது?
– வாசகர், யாழ்ப்பாணம்

காப்பிக்காக. கொழும்பு–அம்பேபுஸ்ஸ 1865, கண்டி 1867. மலையிலிருந்து மாட்டு வண்டியில் காப்பி இறங்கும் செலவும் தாமதமும் தோட்டக்காரர்களை வாட்டியது. அவர்கள்தான் ரயிலுக்கு நெருக்கினார்கள். கண்டிக்கு ரயில் வந்த இரண்டாம் ஆண்டு, 1869-இல், காப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து, அந்தப் பாதை தேயிலையை இறக்கத் தொடங்கியது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்துபோன தமிழ்த் தொழிலாளரின் உழைப்பே இரண்டு பயிருக்கும் ஆதாரம். யாழ்ப்பாணத்துக்கு முழுப் பாதை 1905-இல்தான் வந்தது. 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் சேர்ந்த பிறகு சென்னையில் ஏறியவர் கொழும்பில் இறங்க முடிந்தது.

இந்தப் பழைய இன்ஜின்களை நேரில் பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவர், மதுரை

‘பஃபிங் பில்லி’ லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராக்கெட்டும் பிழைத்திருக்கிறது, ஆனால் ரெயின்ஹில்லில் ஓடிய கோலத்தில் இல்லை. சுமார் 38 பாகை சாய்வில் இருந்த சிலிண்டர்கள் வேகத்தில் இன்ஜினை இடவலமாக ஆட்டியதால், சீக்கிரமே அவற்றைக் கிட்டத்தட்டக் கிடைமட்டத்துக்கு இறக்கிவிட்டார்கள். அசல் வடிவம் வேண்டுமென்றால் மறுபடிவங்களைப் பாருங்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், 1855-இல் லீட்ஸில் செய்த இ.ஐ.ஆர்.–21 இன்ஜினைப் பெரம்பூர் பணிமனையில் உயிர்ப்பித்து ஓடவிட்டிருக்கிறார்கள். அதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால் புகைபோக்கியின் அடியில் குனிந்து பாருங்கள். நீராவி ஊதும் குழாய் அங்கேதான் இருக்கும்.